செங்கோட்டை கிட்டப்பா சரித்திரச் சுருக்கம்

இயல், இசை, நாடகம் என முத்தமிழ் மூன்றென்று பாலர்க்குக் கற்பிக்கும் நம் சைவாசிரியர்கள், மாணாக்கன் ஒருவன் மூன்றாவதாகிய நாடகத்தைப் பற்றி மேலும் வினாவுவானாயின், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைச் சுட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்லுதலே பெரும்பாலும் வழக்கமாயிருந்து வந்தது. நாடகக் கொட்டகை நல்லோர் செல்லத் தகாத இடமென்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் முற்றும் ஆதாரமற்றதென்று சொல்லுதற்கில்லை. முற்றும் நியாயமானதென்று சொல்லுதற்கும் இல்லை. கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் நாடகவியல் பற்றிய மதங்கசூளாமணி என்னும் நூலை இயற்ற, அது 1926 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளிவந்தது. அதே 1926 இல் தென்னாட்டிலிருந்து ஓர் இளைஞர் இலங்கைக்கு வந்து, கொழும்பு நகரில் வள்ளி திருமணம் என்னும் இசைநாடகத்தில் வேடம் புனைந்து பாடினார். அவருக்கு அப்போது வயது இருபது. அவரே செங்கோட்டை கிட்டப்பா. எழுத்தில் நின்ற நாடகத் தமிழை நம் ஆசிரியர்கள் ஓரளவு அறிவர். குரலில் நின்ற நாடகத் தமிழுக்கு ஓர் எடுத்துக்காட்டாக இவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

இவர் 1906 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25 ஆம் நாள் செங்கோட்டையிற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956 இலே சென்னை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. ஞானசம்பந்தப் பிள்ளையார் பாடியருளிய திருக்குற்றாலம் அதற்கு அணித்தேயுள்ளது. தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பிள்ளைக்கு இட்ட பெயர் இராமகிருஷ்ணன்; கிட்டன் என்றும் கிட்டப்பா என்றும் செல்லமாய் அழைத்ததே நிலைத்தது. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. மூத்த சகோதரர்கள் நாடகக் குழுவிற் சேர்ந்து பிழைப்புத் தேட, ஐந்தாறு வயதுப் பாலனாகிய இவரும் அவர்களோடு சென்றார். பள்ளிக்கூடத்திற் சேர்ந்து முறையாகப் படிக்கும் வாய்ப்பு அதனால் இவருக்கு இல்லாதொழிந்தது.

ஆயினும், இவர் கல்லாதவர் என்று கொள்ளலாகாது. இவரும் சகோதரர்களும் பயிற்சி பெற்றது சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையிலாகும். சுவாமிகள் 1867 இல் தூத்துக்குடிக்கு அயலிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றியவர். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் கற்றவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சிறுத்தொண்டர் முதலாக நாற்பது வரையிலான நாடகங்களை இயற்றினார் என்பர். நாடகக் குழுவில் இத்தகையோருக்கு வாத்தியார் என்பதே பெயர். பாட்டை எழுதுவதும், சிறுவர்க்கு அதனைப் பதம் பிரித்து ஓதுவிப்பதும், சொல் வழுவினால் திருத்துவதும், நடையும் அபிநயமும் பழக்குவதும் அவ்வாத்தியாரின் கடமை. நம் மட்டக்களப்புப் பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பழக்கும் அண்ணாவியாரைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஏடு பார்த்து எழுதப் பழகுமுன் நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் கீர்த்தனங்களையும் மனனஞ் செய்து, எதுகை மோனை செவியிற் படியப் படிய வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கிட்டப்பாவின் தமிழ் உச்சரிப்பு எவரும் குறை சொல்ல இயலாததாயிருந்தமைக்கு வேர் இதுவே. லகர ளகர ழகர வேறுபாட்டைப் பிள்ளைகளின் நாவிற் கொண்டுவரப் படாத பாடுபடும் ஆசிரியர்கள் இதனை ஊன்றி நோக்குவாராக.

சிறுவர் குழுக்களின் வாழ்க்கை இனியதென்று எண்ணிவிடவும் வேண்டா. தாய்முகங் காணாத ஊர்ப்பயணம், இரவெல்லாங் கண்விழிப்பு, தவறினால் அடி என்பனவே அங்கு நித்திய வழக்கம். அக்கல்வி தந்ததும் மிகுதி, பறித்ததும் மிகுதி. கிட்டப்பாவின் பிற்கால வாழ்வை எடைபோடுவோர் இளமைப் பருவம் ஒன்றே அவருக்கு இல்லாதிருந்ததை மறத்தலாகாது.

1919 அளவில் இவர் கன்னையா என்பார் நடத்திய ஸ்ரீ கிருஷ்ண விநோத சபையிற் சேர்ந்தார். தசாவதாரம் முதலிய நாடகங்களை, வர்ணத் திரைகளும் தந்திரக் காட்சிகளும் பொலிய, கண்டார் வியக்குமாறு அரங்கேற்றியவர் கன்னையா. அக்காட்சிகளைக் காணவென்று வந்தவர்கள் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கவென்று மறுநாளும் வந்தார்கள். குரல் உடையும் பருவத்தில் பாடகச் சிறுவர் பலர் தொழிலிழந்து வீடு திரும்புவது நாடக உலகிற் சாதாரணம். இவருடைய குரலோ அப்பருவத்தைக் கடந்தும் தன் உச்சத்தை இழக்கவில்லை.

அக்குரலைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்கல் வேண்டும். ஆதலால் நாடகப் பாடகர்கள் மிக உயர்ந்த சுருதியிலேயே பாடினர். பலர்க்கு உயரச் சென்றவிடத்துக் குரல் கீச்சிடும், சொல் நசுங்கும். கிட்டப்பாவுக்கோ மேலே செல்லச் செல்ல நாதம் திரண்டு வரும். விரைவான பிருகாக்கள் மணிகோத்தாற்போல் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழும். முறையாக ஒரு குருவிடம் பல்லாண்டு சங்கீதம் பயின்றவரல்லர். பெரிய வித்துவான்களின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே கிரகித்தார். தியாகையர் கிருதிகளையும் கொட்டகையிலே பாடி, கச்சேரி மண்டபத்துள் ஒருபோதும் நுழையாத உழவனும் கூலியாளும் அவற்றைக் கேட்கச் செய்தார். சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். அந்த வாத்தியம் நம் இசைக்கு ஒவ்வாதென்று சங்கீத பண்டிதர்கள் வழக்காடி, 1940 இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியே வைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்விலக்கு நீடித்தது. நாடக மேடையில் அதற்கு ஈடாக மற்றொன்று அமையவில்லை என்பதே உண்மை.

இனி 1926 ஆம் ஆண்டு இலங்கைப் பயணத்துக்கு வருவோம். அக்காலத்தில் தென்னாட்டு நாடகக் குழுவினர் கடல்கடந்து வந்து இலங்கையில் மாதக்கணக்காகத் தங்கி நாடகம் நடத்துவர். அப்போது கொழும்பிலே பாடிப் பெரும்புகழ் எய்தியிருந்தவர் கொடுமுடி சுந்தராம்பாள். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய திருப்பாண்டிக்கொடுமுடியிற் பிறந்து, வறுமையில் வளர்ந்து, சிறுவயதிலேயே வேலு நாயர் குழுவிற் சேர்ந்து ஆண்பிள்ளை வேடமும் புனைந்து பாடியவர். கிட்டப்பாவினும் இரண்டாண்டு இளையவர். இருவரும் ஒரே மேடையில் எதிர்நின்று பாடினால் எவர் எவரை வெல்வார் என்று இரசிகர்கள் பந்தயம் போல் எதிர்பார்த்தனர். ஒருவர் புகழுக்கு மற்றவரால் பங்கம் நேரும் என்று இரு பக்கத்தாரையும் அஞ்சச் செய்தவரும் உளர். மேடையிலே நிகழ்ந்தது வேறு. ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டைத் தூக்கி நிறுத்தியது.

அவர்கள் நடித்தது சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தை ஆண்டுதோறும் படனஞ் செய்யும் நம்மவர்க்குக் கதை புதிதன்று. தினைப்புனங் காக்கும் வள்ளி, தூது வரும் நாரதர், வேடனாகவும் விருத்தனாகவும் வந்து வாதாடும் வேலவன், இறுதியில் யானை எல்லாம் ஆண்டு உண்டு. புராணம் வள்ளிமலையைத் தொண்டைநாட்டில் வைத்தாலும், நம் நாட்டார் வள்ளியம்மையைக் கதிர்காமத்தவள் என்றே உரிமை பாராட்டுவர். திருக்கோயில், ஒக்கந்த மலை, குமுக்கன் காடு என்று கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார் கூட்டம் கல்முனைக் கரையைக் கடந்தே செல்வது. ஆகவே இலங்கையில் அந்நாடகத்தைக் கண்டவர்கள் வேற்றூர்க் கதையைக் கண்டதாக எண்ணியிரார்.

மேடையில் தொடங்கிய நட்பு மணமாய் முடிந்தது. 1927 இல் மாயவரத்தில் இருவரும் மணஞ்செய்து கொண்டனர். கிட்டப்பா முன்னரே வேறொரு பெண்ணை மணந்தவர் என்பதை மறைத்தெழுதுதல் சரித்திரமாகாது. அம்மணத்தால் இரண்டு பெண்களின் வாழ்வு துன்புற்றது. சுந்தராம்பாளுடன் சேர்ந்து ஸ்ரீ கான சபை என்னும் நாடக சபையை நிறுவி, தமிழ்நாடெங்கும் நாடகம் நடத்தினார். வள்ளி திருமணத்துக்கு அக்காலத்து மக்கள் கூடியதுபோல் வேறு எந்நாடகத்துக்கும் கூடியதில்லை என்று முதியோர் சொல்வர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் இருவரும் கதர் உடுத்தனர். சுதந்தரப் பாட்டுகளை மேடையிலே பாடினர்.

இக்காலத்தேதான் இவருடைய குரல் கிராமபோன் தட்டுகளில் ஏறியது. இந்தியாவிலே முதன்முதல் ஒலிப்பதிவு நடந்தது 1902 இல். கல்கத்தாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலை 1908 இல் ஏற்பட்டது. தொடக்கத்தில் பாடுவோர் பெரிய கொம்புக் குழல் ஒன்றின் வாயிலே முகத்தை வைத்து உரக்கக் கத்தல் வேண்டும். 1925 அளவில் மேல்நாட்டில் மின்சார ஒலிவாங்கி புழக்கத்துக்கு வந்தபின் அத்துன்பம் நீங்கிற்று. தட்டு அரக்கினாற் செய்தது. கீழே விழுந்தால் உடையும். நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சில விநாடிகளுமே அடங்கும். பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றல் வேண்டும். பெட்டியின் பிடியைச் சுற்றி வில்லை முறுக்கல் வேண்டும்.

கொட்டகையிலே ஒரு விருத்தத்தை இராகம் இழைத்து அரைமணி நேரம் பாடும் ஒருவர், அதனை மூன்று நிமிடத்துள் அடக்குவது எளிதோ? அடக்கினார். தொடக்கத்தில் ஓர் அசைப்பிலே இராகத்தின் உருவத்தைக் காட்டி, அடுத்த கணம் சொல்லுக்குள் நுழைந்து, ஒவ்வோர் அடியிலும் ஒரு புது வழியைத் திறந்து, ஊசி நடுவட்டத்தை எட்டுமுன் உச்சிக்கு ஏறி இறங்கி முடித்துவிடுவார். சுருக்கம் கலைக்குக் கேடு என்பார்க்கு இவருடைய தட்டுகளே விடை. ஆயினும் இழப்பும் உண்டு. மேடையில் நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கமும், வேடன் வினாவும் வள்ளி மறுமொழியும், முன்னெழுதி வையாது அந்தக் கணத்திலே பிறக்கும் சொற்போரும் தட்டில் ஏறவில்லை. சபையோர் மறுமுறை பாடும்படி ஆரவாரிப்பதும், அதற்கிணங்கி வேறு இராகத்தில் அவர் மீண்டும் எடுப்பதும் இல்லை. மாலையிலிருந்து பறித்த ஒற்றைப் பூப்போல், கதையிலிருந்து பிரிந்த பாட்டே நமக்குக் கிடைத்திருக்கின்றது.

இன்னொன்றும் இழந்தோம். தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டிலே பெரும்பாலும் பாடினவர் பெயர் துலங்க நிற்கும். இராகப் பெயரும் தாளப் பெயரும் அருகே இருக்கும். பாட்டை எழுதியவர் பெயரோ இராது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922 இலேயே புதுச்சேரியில் மறைந்துவிட்டார். தம் மாணாக்கரின் குரல் ஊரூராய்ச் சென்றதை அவர் கேட்கவில்லை. அவர் பாட்டுகள் கிட்டப்பா பாட்டு என்றே வழங்கலாயின. கிட்டப்பாவின் குற்றமன்று இது. பாட்டைப் பாடினவனோடு வைத்து எண்ணும் வணிகத்தின் இயல்பு. ஆசிரியன் பெயர் மறைந்து மாணாக்கன் பெயர் விளங்குவதை நம் தொழிலார் அறியாதவரல்லர்.

முழு நாடகத்தையே பல தட்டுகளிற் பதித்து நாடக செட் என்னும் பெயரால் விற்கும் வழக்கம் 1930 களிலே தமிழுலகிற் பரவிற்று. கோவலன், வள்ளி திருமணம் போன்ற கதைகள் அவ்வாறு வந்தன. அமெரிக்காவில் ஒக்லஹோமா என்னும் இசைநாடகத்தில் நடித்தவர்களே அதன் பாட்டுகளைப் பாடி ஆறு தட்டுகளாக 1943 இல் வெளியிட்டதை அந்நாட்டார் ஒரு புதுமையென்று கொண்டாடுவர். நம்மவரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பணிவிடைக்கு ஒருவன் பிடியைச் சுற்ற, திண்ணையிலிருந்து முழு நாடகமும் கேட்டனர். கொட்டகைக்குச் செல்ல ஒவ்வாத குலப்பெண்டிரும், நாடகக்காரரை வீட்டுவாயிலில் நிறுத்தியும் பார்க்காத பெரியோரும் திண்ணைத் தட்டுக்குத் தடை சொல்லவில்லை. கொட்டகை ஆகாது, தட்டு ஆகும் என்னும் அந்த நியாயம் எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கிட்டப்பாவின் தட்டுகளுள் இராமலிங்க சுவாமிகள் பாடலொன்றை விருத்தமாகப் பாடியது தனிச்சிறப்புடையது. அப்பாடல்களுக்கு அருட்பா என்னும் பெயர் பொருந்துமோ என்பது பற்றி நாவலரவர்களுக்கும் சுவாமிகள் சார்பினருக்கும் இடையே எழுந்து, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற வழக்கினை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். அதனை ஈண்டுக் கிளறப் புகவில்லை. பண்டிதர் இரு கட்சியாய் நின்று கண்டனங்கள் அச்சிட்ட பாடல்களுள் ஒன்று, நாடகக்காரர் ஒருவரின் குரலேறி, கட்சி அறியாத எளியோர் வீட்டுக்குட் புகுந்தது. வெயிலில் நடந்து இளைத்தவன் நிழலைக் கண்டாற்போன்ற ஒரு நிலையை அவர் குரல் அதிலே காட்டும். சொல்லின் பொருளை உணர்ந்து பாடுவதென்றால் என்னவென்று மாணாக்கர்க்கு விளக்க நேரும்போது, அத்தட்டினும் சிறந்த கருவி அரிது.

புகழின் உச்சியில் வாழ்வு சரியத் தொடங்கிற்று. சுந்தராம்பாளுக்குப் பிறந்த மகவு நெடிது வாழவில்லை. இருவர்க்கும் மனவேற்றுமை உண்டாயிற்று. கிட்டப்பா பிரிந்து செங்கோட்டைக்குச் சென்றார். அப்பிரிவுக் காலத்தில் அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. அவற்றைப் படிப்போர் கிட்டப்பாவிடம் வைத்த மதிப்பைச் சிறிது குறைத்துக்கொள்ளாதிரார். மதுப்பழக்கம் அவரைப் பற்றியது. இரவு முழுதும் பாடி, பகலில் உறங்காது பயணஞ் செய்து, களைப்பை மதுவால் மறைத்து வாழ்ந்த நடிகர் அக்காலத்திற் பலர். அவர்கள் எல்லோரினும் பெரிய குரல் உடையவரும் அதற்குத் தப்பவில்லை. உடல் நலிந்து, 1933 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 2 ஆம் நாள் உயிர் நீத்தார். வயது இருபத்தேழு.

தமிழிற் பேசும் படம் 1931 இலேயே தோன்றிவிட்டது. இரண்டாண்டு அவர் அதன்பின் வாழ்ந்தும் படம் எதிலும் நடிக்கவில்லை. ஆதலின் அவர் நடந்ததும், வேலனாய் நின்றதும், விருத்தனாய்க் கூனியதும் எவ்வாறென்பதைக் காட்டும் திரைப்படம் ஒன்றும் இன்றில்லை, தட்டுகளே உள்ளன. அவருடைய பாணியைப் பின்பற்றிய தியாகராஜ பாகவதர், சுவாமிகளின் பவளக்கொடியைக் கொண்டே 1934 இல் திரைக்கு வந்தார். ஈழத்திலே நடிகமணி வைரமுத்து முதலியோர் அரிச்சந்திரா முதலிய இசைநாடகங்களை அதன்பின்னும் பல்லாண்டு உயிரோடு வைத்திருந்தனர்.

பழைய தட்டுகளிலிருந்து பெயர்த்த பதிவுகள் இக்காலத்தில் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு கிட்டப்பா இத்தனை கட்டையிற் பாடினார் என்று வாதிடுவோர் பலர். பதிவு செய்த பொறியும் பெயர்த்த பொறியும் 78 சுற்றில் அணுவளவும் பிசகாமல் ஓடினாலன்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லல் இயலாது. பொறி சற்று விரைந்தால் சுருதியும் ஏறும். அந்த வாதத்தை விடுத்து, வகுப்பில் ஒரு தட்டைக் கேட்பிக்குமுன், அப்பாட்டு நாடகத்தில் எவ்விடத்தில், எவர், எவரை நோக்கிப் பாடுவது என்பதை இரண்டு வாக்கியத்தில் ஆசிரியர் சொல்லி, எழுதியவர் பெயரையும் கரும்பலகையில் எழுதுவாராயின், தட்டு விட்டுவிட்ட பகுதி பெரிதும் நிரம்பும்.

சுந்தராம்பாள் அம்மையார் கணவர் இறந்தபோது இருபத்தைந்து வயதினர். அன்று முதல் வெள்ளாடை உடுத்தி, ஆடவர் எவரோடும் இணையாக நடிப்பதில்லையென விரதம் பூண்டார். சிலகாலம் மேடையையே விட்டிருந்தார். பின்னர் 1935 இல் வெளிவந்த நந்தனார் படத்தில், திருநாளைப்போவாராக ஆண்வேடம் புனைந்தே நடித்தார். அதற்கு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளைப் பெருஞ்செய்தி. 1953 இல் ஔவையாராகவும், 1965 இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையாராகவும் வந்து முருகன் புகழைப் பாடினார். கொழும்பு மேடையில் வள்ளியாய் நின்று வேலனோடு வாதாடிய அதே குரலே அது. கிட்டப்பா மறைந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்து 1980 இல் அவரும் மறைந்தார்.